ஹெர்மன் ஐயர் ஏன் மறுபடி விருந்துக்குப் போகவில்லை

கண்ணு சரவணா,

இதைப் படித்துச் சொல்லச் சொல்லி எனக்குப் போன் பண்ணாதே. பண்ணினால் எடுக்கமாட்டேன். உன் அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் எடுக்கமாட்டார். அவர் எடுத்தாலும் பிரயோஜனமில்லை, மூக்குக்கண்ணாடியைத் தேடவே அவருக்கு அரை மணி நேரம் ஆகும். நீ அந்தப் பழைய நோட்டை எனக்கு அனுப்பினாயே, அதே மாதிரி நானும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதியிருக்கிறேன். அந்த மொழிபெயர்க்கும் ஆப்பிடம் காட்டாதே. அந்த நோட்டை எழுதிய ஞானமுத்து வாத்தியாரின் கையெழுத்தைப் பார்த்து அது "எழுபது எருமைகள் மாடியில்" என்று சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. மெதுவாகப் படி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றாலும் சரிதான். ஆனால் இந்த மாசக் கடைசியில் உன் காலேஜ் புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் கடைசி வரிக்கு வந்து சேர். இல்லாவிட்டால் ஒரு பெரிய பொய் அச்சேறிவிடும், அதைச் சொன்னவள் நான்.

வருகிற வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். புரைதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாசம் போனைப் பார்க்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "போன்ல அஷ்டொந்து ஏனம்மா கெலசா நிமகெ?" என்று கேட்டார். போனில் அப்படி என்ன வேலை எனக்கு என்று அவருக்கு ஆச்சரியம். ஜெர்மனியில் இருக்கிற ஒரு லுத்தரன் மிஷன் காலேஜின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சீரியல் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ இந்த வம்பில் மாட்டிக்கொண்டதில் பாதித் தப்பு என்னுடையது. அந்தக் காலேஜ் லைப்ரரியில் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஃபாரம் போட்டபோது, 'தமிழ் வாசிக்கத் தெரியுமா' என்ற கேள்விக்கு 'நன்றாக' என்ற கட்டத்தில் டிக் அடித்தாய். அது பொய் என்று உனக்கே தெரியாது. மைசூரில் பிறந்து, கன்னடத்தில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவன் நீ. ஏழு வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை உட்கார வைத்து நான்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கென்று புத்தகம் வாங்கவில்லை. ஹனூரில் இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து மூட்டை மூட்டையாக வரும் கல்யாணப் பத்திரிகைகளே போதும் என்று நினைத்தேன். நீயும் ஒரே வருஷத்தில் 'திருவளர்ச்செல்வன்', 'திருநிறைச்செல்வி', 'சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து' என்று மளமளவென்று படித்தாய். பையனுக்குத் தமிழ் வந்துவிட்டது என்று நான் நிறுத்திவிட்டேன். வந்துவிட்டது என்று நீயும் நம்பிவிட்டாய். ஞானமுத்து வாத்தியாரின் நோட்டில் ஒரு கல்யாணம்கூட நடக்காது என்று நாம் என்ன கண்டோம்.

முதல் நாள் நீ கூப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. சாயங்காலம் நாலு மணி, உனக்கு மத்தியான இடைவேளை. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, ஃப்ரீயா இருக்கியா? ஒரு பேப்பர் போட்டோ அனுப்பறேன், கொஞ்சம் ஓதிச் சொல்லும்மா. அர்ஜென்ட்டு."

"என்ன பேப்பர்டா?"

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். ஒரு வாத்தியார் எழுதின டைரி. பூரா தமிழு. இங்க யாருக்குமே ஓதக்கே வரல்ல."

"உனக்கு?"

"பத்திரிகைன்னா ஓதிருவேன்மா. இதுல முகூர்த்தமே காணோம்."

சோபாவில் கிடந்த உன் அப்பா கண்ணைத் திறக்காமலே, "ஜெர்மனிக்குப் போயும் இவனுக்கு நீதான் பாடஞ் சொல்லோணுமாக்கும்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து நாலு மணிக்கு அவர் எங்கும் போவதில்லை.

இப்போது உன் காலேஜின் சரித்திரம் எனக்கு நம் தெருவின் சரித்திரத்தைவிட நன்றாகத் தெரியும். மாவு மில் வைத்திருந்த ஒருவர் தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். அந்த மாடியில் ஆறு பையன்கள், ஒரு மணி, ஒரு பெரிய ஐயர். முதலில் நான் திகைத்துப் போனேன், 'பெரிய ஐயர் பன்றித் தொடையை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்' என்று எழுதியிருந்ததைப் படித்தபோது. வெள்ளைக்காரப் பாதிரிமாரை அந்தக் காலத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்களாம் என்று நீ விசாரித்துச் சொன்ன பிறகுதான் உன் அப்பா சிரிப்பை நிறுத்தினார். அந்த ஆறு பையன்களையும் தமிழ்நாட்டுக்குப் பிரசங்கம் பண்ண அனுப்ப வேண்டும், தமிழ் தெரியாமல் என்ன பண்ணுவார்கள், அதனால் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து ஞானமுத்துவைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். பிறகு மாடி போதாமல் கல்கட்டடம் கட்டினார்கள். ஒரு சண்டையில் அது ஆஸ்பத்திரி ஆனது, அடுத்த சண்டையில் கூரை போனது, மறுபடியும் கூரை போட்டார்கள். இப்போது அங்கே நர்சிங் சொல்லிக் கொடுக்கிறார்கள். பழைய நாளுக்கு அடையாளமாக ஒரு சின்ன சர்ச்சும், சுவர் முழுக்கத் தாடி வைத்த படங்களும் இருக்கின்றன. அந்தப் படங்களில் ஞானமுத்து இல்லை என்று நீ சொன்னாய். காலேஜுக்கு விழா எடுத்துப் போடுகிற புத்தகத்தில் அவருக்கு ஒரு அத்தியாயம் எழுதும் வேலை உனக்குக் கிடைத்தது. உன் லைப்ரரி மேடம் உன்னை நம்பிக் கொடுத்தார், நீ என்னை நம்பினாய்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது. அந்த நோட்டில் முதல் முதலாக நான் படித்த வரி இது: "இன்றைக்கும் அவித்த கிழங்கு. நேற்றும் அவித்த கிழங்கு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையானபடியினாலே இரண்டு அவித்த கிழங்கு." வெள்ளைக்காரர்கள் இவ்வளவு மரியாதையாக விழா எடுத்துப் புத்தகம் போடுகிறார்கள், நம் ஆள் சோற்றுக்குப் புலம்பினான் என்று அதில் வருவதா? என் மகன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம்கூட ஆகவில்லையே, அவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? போனில் நீ "என்னம்மா போட்டிருக்கு?" என்று அவசரப்படுத்துகிறாய். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "இவ்விடத்து ஆகாரம் அமிர்தம் போல இருக்குதுன்னு எழுதியிருக்காருடா" என்று. உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அகர்பத்தி ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் பேக்கிங் பார்த்தவள். ஒடிந்த குச்சி வந்தால் அதை நடுவில் வைத்து, நல்ல குச்சிகளைச் சுற்றிலும் வைத்துக் கட்டிவிடுவோம். வெளியிலிருந்து பார்த்தால் கட்டு நேராக இருக்கும். பழகின கை சும்மா இருக்குமா? குளிரில் விரல் மரத்துப் பேனா பிடிக்க முடியவில்லை என்று அவர் எழுதினால், பனியின் அழகை வியந்தார் என்றேன். வெளியூர்க்காரர்கள் வரும்போதெல்லாம் பெரிய ஐயர் தன்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்திக் காட்டுகிறார் என்று அவர் எழுதினால், எல்லோரும் அவரைக் காண ஆவலாக வந்தார்கள் என்றேன். மொத்தம் ஒன்பது இடம். ஒன்பதையும் உன் போட்டோக்களில் சிவப்பு வட்டம் போட்டு இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் நீ குதித்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினாய். உன் காலேஜ் சாப்பாட்டுக்கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஜெர்மனில் எழுதி, கீழே ஞானமுத்துவின் பேரைப் போட்டு மாட்டிவிட்டார்கள், 'இவ்விடத்து ஆகாரம் அமிர்தம்' என்று. அடியில் ஒரு பெண் தட்டு நிறைய அவித்த கிழங்கு வைத்துக்கொண்டு நிற்கிறாள். உன் அப்பா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "அந்த மனுசன் ஆவியா வந்து உன்னைக் கேப்பான் பாரு" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தது ஹெர்மன். ஆறு பையன்களில் மூத்தவன், சாப்பாட்டு மேசைக்குப் பொறுப்பு. ஞானமுத்து ஒரு கிழங்கை மீதி வைத்தால் விரலை நீட்டி, நன்றி மறக்கலாகாது என்று அரைகுறைத் தமிழில் பிரசங்கம் செய்வானாம். ஒரு நாள் இவர் கொஞ்சம் மிளகாய் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். விருந்தாளிக்கு வாய் இருக்கக் கூடாது என்றானாம் அவன். அன்றைக்கு இவர் நடத்திய பாடத்தை நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். அதை உனக்கு நான் படித்துச் சொல்லவே இல்லை, 'ஹெர்மனுக்கு நம் ஊர் விருந்து மரியாதைகளை அன்போடு சொல்லிக் கொடுத்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். இப்போது படி:

"எங்கள் தேசத்திலே விருந்துக்கு அழைக்கப்பட்டவன் மூன்று குறை சொல்லக் கடவன் என்று ஹெர்மனுக்குப் போதித்தேன். சோற்றில் ஒன்று, குழம்பில் ஒன்று, மோரில் ஒன்று. சொல்லாமல் எழுந்தால் வீட்டுக்காரி மனம் நோவாள் என்றேன். அவன் வெகு கவனமாய் எழுதிக்கொண்டான். கர்த்தர் என்னை மன்னிப்பாராக. இன்று கிழங்கு நன்றாய் இறங்கிற்று."

இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். பத்து நாள் கழித்து நீ, அந்தக் காலேஜைப் பற்றி முன்பு வந்த பழைய புத்தகத்திலிருந்து ஹெர்மனைப் பற்றி ஒரு சேதி சொன்னாய். அவர் தமிழ்நாட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஊழியம் செய்தாராம். உங்கள் பெரிய ஹாலுக்கு அவர் பேர்தானாம். "ரொம்ப எளிமையான மனுஷன்மா. ஏழைகளுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு, எந்த வீட்டுலயும் ஒரு தடவைக்கு மேல விருந்து சாப்பிட்டதே இல்லையாம்" என்றாய். எனக்குப் புரை ஏறிவிட்டது. உன் அப்பா தலையில் தட்டினார். "என்னம்மா ஆச்சு?" என்று நீ கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, பெரிய மகான்தான்" என்றேன். அந்த மனிதர் எந்த வீட்டுக்கும் மறுபடி ஏன் போகவில்லை என்பது இந்த உலகத்தில் மைசூரில் உட்கார்ந்திருக்கிற இரண்டே பேருக்குத்தான் தெரியும். முப்பது வருஷம், கண்ணு. எத்தனை வீட்டுக்காரிகள் எத்தனை குழம்பு வைத்து, அதில் உப்பில்லை என்று அவர் வாயால் கேட்டுவிட்டு வாசல் வரை வழியனுப்பியிருப்பார்கள். அவரும் நம் மரியாதையைக் காப்பாற்றிய திருப்தியோடு போயிருப்பார்.

நீ சிரிக்கிறாய் என்று தெரியும். நானும் சிரித்தேன். ஆனால் அதற்கப்புறம் வந்த இரண்டு பக்கங்களைப் படித்ததிலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று, ஹெர்மன் கப்பலேறக் கிளம்பிய நாள். "உண்மையைச் சொல்லிவிட ரயிலடிக்குப் போனேன். ஹெர்மன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நீர் சொல்லித் தந்த எதையும் மறவேன் என்றான். நான் சொல்லவில்லை. ரயில் போயிற்று." இன்னொன்று அதற்கு முந்தின வருஷத்தில் ஒரு நாள். "வீட்டுக்குக் காகிதம் எழுதினேன். சகல சௌக்கியம் என்று எழுதினேன். காகிதத்தை ஒட்டிவிட்டு அவித்த கிழங்குக்கு எழுந்துபோனேன்."

அதைப் படித்தபோது நீ லைனில் காத்துக்கொண்டிருந்தாய். நான் "போன் சரியில்லை, நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அழுதேன் என்று உன் அப்பா உன்னிடம் சொல்லவில்லை, நான்தான் சொல்லக் கூடாது என்றேன். ஏனென்றால் நான் தினமும் நாலு மணிக்கு, சாப்பிட்டாயா என்றதும், கேட்கும் வார்த்தை அது. "ஆய்த்தும்மா, நல்லாருக்கேன்மா, பரவால்லம்மா." கிறிஸ்துமஸ் சமயத்தில் பத்து நாள் நெட்வொர்க் சரியில்லை என்று வீடியோ போடாமலே பேசினாய். அந்த வாரம் உன் அப்பாவுக்குப் புது ஸ்வெட்டர் போட்டோ அனுப்பினாயே, அதில் மேசை மேல் மூன்று மாத்திரை அட்டையும் ஒரு தெர்மாமீட்டரும் இருந்தன. உனக்குப் பின்னால் இருப்பதை நாங்கள் பார்க்கமாட்டோம் என்று நினைத்தாயா? ஒரு பழைய நோட்டை எழுத்துக் கூட்டிப் படிப்பவளுக்கு உன் மேசையைப் படிக்கத் தெரியாதா? நீயாகச் சொல்லுவாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அதற்கும் நான்தான் காரணம். உனக்கு நினைவிருக்காது, உன் ஏழாவது வயதில் ஹனூரில் ஒரு விருந்தில், நூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, பரிமாறிய அம்மாவிடம் "பாயசத்துல சக்கரையே இல்ல" என்று நீ உரக்கச் சொன்னாய். நான் இலைக்கு அடியில் உன் தொடையைத் திருகிவிட்டேன். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் மைசூர் வரைக்கும் நீ விசும்பிக்கொண்டே வந்தாய். பிறகு பெங்களூர் ஏர்போர்ட்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன கடைசி வார்த்தையும் அதுதான்: "போற எடத்துல எதையும் கொறை சொல்லாதே சாமி, நம்மள வெச்சு சோறு போடறாங்க." ஹெர்மன் சொன்னதை அப்படியே நானும் சொல்லியிருக்கிறேன் பார். அன்றைக்கு நீ சொன்னது நிஜம், கண்ணு. அந்தப் பாயசத்தில் சர்க்கரை இல்லை. இதை இருபது வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

ஞானமுத்து ரயிலடியில் செய்ததை நான் செய்யப் போவதில்லை. புத்தகம் போவதற்குள் சொல்லிவிட்டேன். நீ செய்ய வேண்டியது இதுதான். மேடத்திடம் போய், ஒன்பது இடத்திலும் தப்பு நடந்துவிட்டது என்று சொல். யார் செய்தது என்று கேட்டால் என் பேரைச் சொல், ஃபாரத்தில் டிக் அடித்ததையும் சொல். வேலை போய்விடுமோ என்று உனக்குப் பயமாக இருக்கும், எனக்கும் பயம்தான். போனால் வா, வீடு இருக்கிறது. ஆனால் பழைய காகிதத்தைக் காப்பாற்றுவதையே தொழிலாக வைத்திருக்கிற பெண் அவர், கிழங்கைப் பற்றிப் படித்தால் சிரிப்பார் என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் 'நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையானபடியினாலே இரண்டு அவித்த கிழங்கு' என்று மாற்றி எழுதச் சொல். அவர் குளிரில் நடுங்கினார், பசியோடு இருந்தார், கோபத்தில் ஒரு குறும்பு செய்தார், அப்படியும் ஆறு பேருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். அது அப்படியே இருக்கட்டும். அமிர்தம் சாப்பிட்டவனுக்கு எதற்குத் தனி அத்தியாயம்?

நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருக்கிறது. அதை நான் படிக்கப்போவதில்லை, கண் சரியானாலும் படிக்கமாட்டேன். அவர் ஊர் திரும்பினாரா, தரங்கம்பாடியில் ஹெர்மனை மறுபடி பார்த்தாரா, பார்த்து விருந்துக்குக் கூப்பிட்டாரா என்று தெரியாமல் உன் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. நீதான் படித்து எங்களுக்குச் சொல்ல வேண்டும். உன்னால் முடியும். இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாயே, இதில் எங்கேயாவது முகூர்த்தம் வந்ததா? ஃபாரத்தில் நீ போட்ட டிக் இன்றைக்கு நிஜமாகிவிட்டது.

இப்போது போன் பண்ணு. உன் அப்பா எடுத்து ஸ்பீக்கரில் போடுவார். எனக்குக் கண்ணில்தான் கட்டு இருக்கும், காதில் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பேன். "ஆய்த்தும்மா, நல்லாருந்துச்சு" என்று ஆரம்பித்தால் வைத்துவிடச் சொல்லிவிடுவேன். மூன்று குறை சொல், கண்ணு. சோற்றில் ஒன்று, குழம்பில் ஒன்று, மோரில் ஒன்று. சொல்லாமல் எழுந்தால் வீட்டுக்காரி மனம் நோவாள்.

அம்மா